பஸ்ஸில் அவள் சொன்னது

காலை ஒன்பதரை மணிக்கு வேலைக்குள் நுழைந்தால், சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்கு வரும்வரை நான் பாத்ரூம் பக்கம் போகமாட்டேன். திண்டிவனத்தில் பத்திரம் எழுதும் ஓர் அலுவலகத்தில் எட்டு வருடமாகக் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிறேன். அங்கே இருப்பது ஒரே ஒரு பாத்ரூம். அதன் தாழ்ப்பாள் முக்கால்வாசிதான் விழும். கதவுக்கு நேர் எதிரே பெஞ்சு, பெஞ்சில் கிரயம் எழுத வந்த ஆண்கள். அதனால் பதினோரு மணி டீயை வேண்டாம் என்பேன். தண்ணீர், மத்தியானச் சோற்றோடு அரை டம்ளர். இதை ஒரு கஷ்டம் என்று நான் நினைத்ததே இல்லை, சாமர்த்தியம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு தூரம் பஸ்ஸில் போனாலும் இவள் வீடு வரும்வரை தாங்குவாள் என்று என் அம்மாவே நாலு பேரிடம் என்னைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிப்பட்ட எனக்கு, தன் உடம்பு என்ன சொல்கிறது என்றே தெரியாத ஒரு மகள் பிறந்தாள்.

அவளுக்கு ஆட்டிசம் என்று மூன்றரை வயதில் சொன்னார்கள். பேச்சு தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. எங்கள் தெரு வழியாகப் போகிற எல்லா வண்டிகளின் நம்பரையும் ஒப்பிப்பாள். பசிக்கிறது என்று மட்டும் சொல்லமாட்டாள். வலிக்கிறது என்று சொல்லமாட்டாள். ஒருமுறை உள்ளங்காலில் முள் ஏறிச் சீழ் வைத்து, அவள் நடந்த தரையில் ஈரம் பார்த்துத்தான் எங்களுக்கே தெரிந்தது. எல்லாவற்றையும்விட மோசம் ஒண்ணுக்கு விஷயம். ஒன்பது வயதிலும் பாவாடையை நனைத்துக்கொள்வாள். அதற்கு அரைமணி முன்னால் ஒரு ரகளை நடக்கும். தட்டு பறக்கும், தலை சுவரில் மோதும், பக்கத்தில் போனால் கையைக் கடித்துவிடுவாள். ரகளை வேறு, நனைப்பது வேறு என்று நான் இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்தேன். ரகளைக்கு அப்பன் வீட்டு ரத்தம் காரணம். நனைப்பதற்குச் சோம்பேறித்தனம் காரணம். இரண்டுக்கும் தனித்தனியாக அடி கொடுத்திருக்கிறேன். எழுதவே கை கூசுகிறது, ஆனால் கொடுத்திருக்கிறேன்.

விழுப்புரத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு சின்ன இடம் இருப்பதாக, பத்திரம் எழுத வந்த ஓர் அம்மா சொன்னார். ஒரு வீட்டின் மாடியில் இரண்டு அறைகள், அவ்வளவுதான். சனிக்கிழமைகளில் எங்களுக்கு வேலை குறைவு என்பதால் முதலாளி விட்டுவிடுவார். என் வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார், அவருக்குச் சனிக்கிழமைதான் வேலை அதிகம். எனவே நானும் மகளும் மட்டும் பஸ் ஏறிவிடுவோம்.

அங்கே பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். எல்லோரும் மிஸ் என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். முதல் நாள் என் மகளிடம் ஒன்றுமே கேட்கவில்லை. அவள் உள்ளங்கையில் ஒரு ஐஸ்கட்டியை வைத்தார். தன் கையிலும் ஒன்று வைத்துக்கொண்டார். இருவரும் அது கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு இருபது தடவை குதிக்கச் சொல்லி, அவள் கையை எடுத்து அவள் நெஞ்சிலேயே வைத்தார். “உள்ள இன்னா நடக்குது?” என்றார். என் மகள் வெகுநேரம் கழித்து, “தட்டுது” என்றாள். அதற்காகவா நாற்பது கிலோமீட்டர் வந்தோம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. படிப்பு, எழுத்து, ஒரு இடத்தில் ஒழுங்காக உட்காருவது, இதெல்லாம் சொல்லித் தருவார்கள் என்றுதான் நான் போனேன்.

கிளம்பும்போது மிஸ் என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். ரகளை பண்ணுகிற ஒவ்வொரு தடவையும் மணியைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே அவள் கடைசியாக எப்போது சாப்பிட்டாள், எப்போது ஒண்ணுக்குப் போனாள் என்றும் எழுத வேண்டும். எழுதுவது என் தொழில், அதில் குறை வைப்பேனா? கோடு போட்டு, கட்டம் கட்டி, மூன்று வாரம் எழுதினேன். நாலாவது சனிக்கிழமை அந்த நோட்டை மிஸ்ஸிடம் நீட்டும்போது எனக்கு முகம் நிமிரவில்லை. அவர் பார்ப்பதற்கு முன்பே நான் பார்த்திருந்தேன். ரகளை என்று நான் எழுதிய நேரங்களில் பெரும்பாலும் அவள் ஒண்ணுக்குப் போய் நாலைந்து மணி நேரம் ஆகியிருந்தது, இல்லையென்றால் வயிறு காலியாக இருந்தது. உடம்புக்குள் ஏதோ முட்டுகிறது, அது என்ன என்று தெரியவில்லை, பயம் வருகிறது, தட்டு பறக்கிறது. இதற்குத்தான் நான் அடி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மிஸ் என்னைத் திட்டவில்லை. நோட்டை மூடிவிட்டு, “பாப்பாம்மா, இப்ப உங்களுக்கு ஒண்ணுக்கு வருதா?” என்று கேட்டார்.

பக்கத்தில் இன்னொரு பையனின் அப்பா உட்கார்ந்திருந்தார். எனக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. “இல்ல மிஸ்” என்றேன்.

“காலைல எத்தன மணிக்குப் போனீங்க?”

ஆறு மணிக்கு. அப்போது மத்தியானம் பன்னிரண்டரை. அவர் கேட்ட பிறகுதான் அடிவயிறு கல்லாக இருப்பதே எனக்குத் தெரிந்தது. மிஸ் கையைக் காட்டிய திசையில் எழுந்து போனேன். போகிறபோது அந்த அப்பாவைப் பார்க்கவே இல்லை.

அதன் பிறகு நான் ஒழுங்காகச் செய்தேன் என்றே சொல்ல வேண்டும். ஒரு பெரிய சார்ட்டில் அவளைப் படுக்கவைத்து உருவம் வரைந்து சுவரில் ஒட்டினோம். நிலத்துக்கு நான்கெல்லை எழுதுவதுபோல அவள் உடம்புக்கு எல்லை எழுதினேன் என்று அலுவலகத்தில் சொல்லிச் சிரித்தேன். சோற்றுக்கு முன்னால் வயிற்றில் கை வைப்பாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் காதைத் தொட்டுப் பார்ப்பாள். கோபம் வருவதற்கு முன்னால் அவளுக்குக் காது சூடாகும் என்பதைக் கண்டுபிடித்தது மிஸ். காது சூடானால் சுவரில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ள வேண்டும், அல்லது பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். ஆளுக்கு ஆள் வார்த்தை மாறும் என்பதால் அவளாக என்ன சொல்கிறாளோ அதையே வைத்துக்கொள்ளச் சொன்னார் மிஸ். பசி என்றால் அவளுக்கு “மிக்ஸி ஓடுது”. பயம் என்றால் “முதுகுல எறும்பு”. ஒண்ணுக்கு என்றால் “கீழ இறுக்கமா இருக்கு”. இந்தக் கடைசி வார்த்தையை மட்டும் அவள் அந்த நேரத்தில் சொன்னதே இல்லை. நாங்கள் மணி பார்த்து அழைத்துப் போனால் போவாள். போய்விட்டு வந்து, “இறுக்கமா இருந்துச்சி” என்பாள். முன்னால் வராது.

“வரும். உடம்பு சொல்றத அவளா கேட்டு, அவளா வந்து ஒருவாட்டி சொல்லட்டும், அப்புறம் பாருங்க. ஒருநாளைக்கு நீங்க பக்கத்துல இல்லன்னாலும் அவ பொழச்சிப்பா. நமக்கு அதுதான வேணும்?” என்றார் மிஸ்.

எனக்கு அதுதான் வேண்டும். இரவும் பகலும் அது ஒன்றுதான் என் கவலை. இன்னும் மூன்று நாலு வருடத்தில் வயதுக்கு வந்துவிடுவாள். வலி எங்கே, ஈரம் எதனால் என்று சொல்லத் தெரியாத பெண்ணை யாரை நம்பி விடுவது?

ரகளை குறைந்தது. மாதம் பத்து பன்னிரண்டு என்று இருந்தது ஒன்று இரண்டு என்று ஆனது. அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஒரு வளைகாப்பில் எங்கள் பக்கத்துச் சொந்தக்காரர்கள் கூடியிருந்தபோது, என் மகள் எல்லோருக்கும் நடுவில் அமைதியாக உட்கார்ந்து கேப்பை அடை சாப்பிட்டாள். எப்படி, எப்படி என்று கேட்டார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. “இப்ப எல்லாம் சரியாயிடுச்சி. பெரிய பொண்ணு ஆயிட்டா. நனைக்கறதெல்லாம் கெடையாது” என்று அளந்துவிட்டேன். நனைப்பது குறைந்திருந்தது, நிற்கவில்லை. அளக்கிற வாய்க்கு அந்த வித்தியாசம் எதற்கு?

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை. அன்று கிருத்திகை. திண்டிவனத்தில் பஸ் ஏறுவதற்கு முன்னால் அவளைக் கழிப்பறைக்கு அழைத்துப் போவது வழக்கம். அன்று அங்கே நீளமான வரிசை. பஸ் வேறு கிளம்பிக்கொண்டிருந்தது. “ஜல்தி ஏறு, அங்க போய் பாத்துக்கலாம்” என்று அவளை ஏற்றிவிட்டேன். காலையில் அவளுக்கு ஒரு பெரிய டம்ளர் மோர் கொடுத்தது நினைவில் இருந்தும் ஏற்றினேன்.

கூட்டேரிப்பட்டில் மயிலம் கோயிலுக்குப் போய்த் திரும்புகிற கூட்டம் ஏறியது. அந்தக் கூட்டத்தில் என் நாத்தனாரின் மாமியார் இருந்தார். கண்டாச்சிபுரத்துக்காரர், சொந்த நிலமும் கரும்பும் உள்ள வீடு. எங்கள் சொந்தத்தில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் அவர் வழியாகத்தான் மற்றவர்களுக்குப் போய்ச் சேரும். நெற்றி நிறைய திருநீறோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“இன்னாம்மா, நல்லாக்கீறியா? பொண்ணுக்கு எல்லாம் சரியாப் பூடுச்சாமே? வளைகாப்புல நீ சொன்னியாமே, மருமவ வந்து சொன்னா.”

“ஆமா அத்தே. எல்லாம் முருகன் புண்ணியம்” என்றேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் மகள் முன் சீட்டை உதைக்க ஆரம்பித்தாள். காதைத் தேய்த்தாள். வீட்டிலாக இருந்தால் அடுத்த நொடி எழுந்திருப்பேன். அத்தை தன் மருமகளைப் பற்றி, அதாவது என் நாத்தனாரைப் பற்றி, நல்லதும் கெட்டதுமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஊம் கொட்டிக்கொண்டே வலது கையால் மகளின் முழங்காலை அழுத்திப் பிடித்தேன்.

அப்போது அவள் சொன்னாள். அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, “அம்மா, கீழ இறுக்கமா இருக்கு” என்றாள்.

முதல் தடவை. முன்னால் வந்து, அவளாகவே, யாரும் கேட்காமல். எத்தனை மாதமாக நான் காத்திருந்த வார்த்தை அது. எனக்கு அந்த நேரத்தில் அது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. ஏறியது ஒன்றுதான்: அத்தைக்குக் கேட்டிருக்குமோ.

“இரு. வந்துடும். அடக்கிக்கோ” என்றேன் பல்லுக்குள்ளேயே.

இரண்டாவது தடவையும் சொன்னாள். கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். நான், “ஷ்” என்றேன்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. பஸ் ஊர்ந்தது. அவள் உடம்பு விறைத்தது, பிறகு தளர்ந்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பாவாடையில் ஈரம் பரவி, சீட்டின் ஓரத்தில் சொட்ட ஆரம்பித்தது. அத்தை கண்ணைத் திருப்பினால் போதும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மடியில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து, பாட்டிலை அப்படியே அவள் மடியில் கவிழ்த்தேன். கவிழ்த்துவிட்டு, “ஐயையோ, பாட்டில ஒழுங்கா புடிக்கத் தெரியாதா? முழுத் தண்ணியையும் கொட்டிக்கினியே, சனியனே!” என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். நான் மறைத்துக் காட்டினேன். இவ்வளவு வேகமாக எனக்கு மூளை வேலை செய்ததில்லை.

அத்தை, “போவுது விடு, தண்ணிதான. வெயிலுக்குக் காஞ்சிரும்” என்றார்.

என் மகள் என் முகத்தையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் பொய் தெரியாது. எதிரே ஒரு தப்பு இருந்தால் திருத்துவாள், வண்டி நம்பரை யாராவது மாற்றிச் சொன்னால் திருத்துவதைப்போல.

“தண்ணி இல்ல. ஒண்ணுக்கு. இறுக்கமா இருந்துச்சி. வந்துடுச்சி. இப்ப சூடா இருக்கு. இறுக்கமா இல்ல” என்றாள்.

தெளிவாக, நிறுத்தி நிறுத்தி, மிஸ் முன்னால் சொல்வதைப்போலவே சொன்னாள். முன் சீட்டுக்காரர்கள் வரை கேட்டிருக்கும். அவள் வாழ்நாளில் தன் உடம்பைப் பற்றி ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. நான் என் துப்பட்டாவை அவள் மடிமேல் போட்டேன். துப்பட்டாவுக்குக் கீழே கையை விட்டு, தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். தோலைப் பிடித்துத் திருகினேன். “பொய் சொல்லாத” என்றேன்.

அவள் அழவில்லை. நான் கிள்ளிய இடத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அத்தை திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அவள் நெற்றியில் இட்டுவிட்டார். அவருக்கு எல்லாம் புரிந்திருக்கும் என்றுதான் இன்றைக்கு நினைக்கிறேன். மூன்று பிள்ளை பெற்றவருக்கு மூத்திர வாடை தெரியாதா? எனக்காகத்தான் தண்ணீர் என்று சொன்னார். அப்படியென்றால் நான் யாரிடமிருந்து எதை மறைத்தேன்?

அன்று விழுப்புரத்தில் இறங்கி, மாற்றுத் துணி போட்டுவிட்டு, பயிற்சிக்குப் போகாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அவளுக்கு ஜுரம் என்று மிஸ்ஸுக்குப் போனில் சொன்னேன். ராத்திரி நோட்டை எடுத்தேன். ‘சனி: ஒன்றும் இல்லை’ என்று எழுதினேன். ஊரார் பத்திரத்தில் ஓர் எழுத்து பிழை என்றால் தூக்கம் வராத ஆள் நான்.

அதற்குப் பிறகு அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். முன்னாலும் சொல்லவில்லை, பின்னாலும் சொல்லவில்லை. சுவரில் ஒட்டிய உருவத்தின் முன்னால் நிறுத்தி, “உடம்பு இன்னா சொல்லுது?” என்று கேட்டால் என் கையைப் பார்ப்பாள். என் முகத்தை அல்ல, கையை. பார்த்துவிட்டு, “தண்ணி கொட்டிடுச்சி” என்பாள். பசிக்கும் அதே பதில், காலில் இடித்துக்கொண்டதற்கும் அதே பதில். தட்டு மறுபடியும் பறக்க ஆரம்பித்தது.

“ஏதோ ஆயிருக்கு. நல்லா வந்துகினு இருந்த பொண்ணு. ஸ்கூல்ல யாராச்சும் ஏதாச்சும் பண்ணாங்களா?” என்று மிஸ் கேட்டார்.

“தெரியலியே மிஸ். விசாரிக்கிறேன்” என்றேன். நிஜமாகவே பள்ளிக்கூடத்துக்குப் போய் அவளுடைய டீச்சரிடம் விசாரித்தேன். பாவம், அந்த டீச்சர் பயந்துபோய், வகுப்பில் இருந்த பிள்ளைகளை எல்லாம் நிற்கவைத்துக் கேட்டார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திருடனே ஊரோடு சேர்ந்து திருடனைத் தேடியதுபோல ஒரு கூத்து. இப்படி ஒன்றரை மாதம் நடந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை அவளுக்கு நிஜமாகவே ஜுரம் வந்தது. அதற்கு மூன்று நாலு நாள் முன்பிருந்தே தலையணையை அடிவயிற்றில் அழுத்திக்கொண்டு குப்புறப் படுத்திருந்தாள். புதுப் பழக்கம் போல என்று விட்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் சிறுநீரைப் பரிசோதித்துவிட்டு, கிருமி நன்றாக ஏறியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. அவர் வயதானவர், கடுகடுப்பானவர். “அடக்கி அடக்கி வெச்சிருக்கா. போகும்போதெல்லாம் நெருப்பா எரிஞ்சிருக்குமே. நாலு நாளா இந்தப் பொண்ணு ஒண்ணுமே சொல்லலியா?” என்று என்னைக் கேட்டார்.

பிறகு அவளிடம் குனிந்து, “எங்கம்மா வலிக்குது? காட்டு” என்றார்.

என் மகள் என் கையைத்தான் முதலில் பார்த்தாள். நான் கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டேன். அவள், “தண்ணி கொட்டிடுச்சி” என்றாள்.

“இன்னா சொல்றா?” என்று டாக்டர் என்னிடம் கேட்டார்.

“தெரியல டாக்டர், அப்பப்ப இப்படித்தான் சொல்லுவா” என்றேன். அங்கேயும் சொன்னேன். மகள் ஜுரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தபோதும் சொன்னேன். என் வீட்டுக்காரர் அவள் தலையைத் தடவிக்கொண்டே, “வாய் இருந்தும் சொல்லாம இருந்துட்டியேடா கண்ணு” என்றார். இவளுக்கு வாய் இருந்தது, இவள் சொன்னாள், நான்தான் அந்த வாயை அடைத்தேன் என்று அப்போது சொல்ல வேண்டியவள் நான். இன்றுவரை அவரிடம் முழுதாகச் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.

ஊசி, மாத்திரை என்று பத்து நாளில் தேறினாள். அடுத்த சனிக்கிழமை, அவள் அடுத்த அறையில் இருந்தபோது, மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். வரிசையில் நிற்காமல் ஏற்றியதிலிருந்து கிள்ளியது வரை, பள்ளிக்கூடத்துக்குப் போய் விசாரித்தது உட்பட. சொல்லும்போது அழுதேன். அழுதால் மன்னித்துவிடுவார் என்ற நப்பாசையும் அதில் இருந்தது.

மிஸ் முகத்தில் கோபம் வந்ததை நான் பார்த்தேன், அவர் அதை மூச்சை இழுத்து அடக்கியதையும் பார்த்தேன். பிறகு கேட்டார்: “இத அவகிட்ட சொன்னீங்களா?”

“யாருகிட்ட?”

“பாப்பாகிட்ட. அவ சொன்னது சரி, நீங்க சொன்னதுதான் பொய்யின்னு சொன்னீங்களா?”

எனக்கு அது தோன்றவே இல்லை. பெற்ற பிள்ளையிடம் போய் மன்னிப்புக் கேட்பதை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அடித்தால் சாயங்காலம் ஒரு போண்டா வாங்கிக் கொடுப்பார்கள், அதுதான் மன்னிப்பு. நான் அந்த போண்டாவைக்கூட வாங்கித் தரவில்லை.

“அவளுக்கு இப்ப எது குழப்பம் தெரியுமா? உடம்பு ஒண்ணு சொல்லுது, அம்மா வேற ஒண்ணு சொல்றாங்க. அவ அம்மாவ நம்பிட்டா. அவ்ளோதான்” என்றார் மிஸ்.

அன்று சாயங்காலம் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். நான் தரையில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். ஆயிரம் பத்திரம் அடித்த எனக்கு ஒரு வாக்கியம் வரவில்லை.

“அன்னிக்கு பஸ்ல நீ சொன்னது நெசம். அது தண்ணி இல்ல. பாட்டில கவுத்தது அம்மா. அம்மா சொன்னதுதான் பொய். கிள்ளனது தப்பு” என்றேன்.

அவள் தலையை நிமிர்த்தாமலே, “ஆமா” என்றாள்.

பரவாயில்லம்மா என்று சொல்வாள், மடியில் வந்து படுப்பாள் என்று நான் என்னென்னவோ எதிர்பார்த்திருக்கிறேன் போல. அவள் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். நடந்தது நடந்தபடி இருந்தது, அதைச் சரியென்று ஒப்புக்கொண்டாள், அதற்குமேல் அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

பிறகு மறுபடியும் ஐஸ்கட்டியிலிருந்து ஆரம்பித்தோம். ஒரு வித்தியாசம், இந்த முறை நானும் சேர்ந்து சொன்னேன். “அம்மாவுக்கு மிக்ஸி ஓடுது.” “அம்மாவுக்குக் காது சூடு.” “அம்மாவுக்குக் கீழ இறுக்கமா இருக்கு, போய்ட்டு வர்றேன்.” வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். அலுவலகத்தில் பாத்ரூமுக்குப் புதுத் தாழ்ப்பாள் போடச் சொல்லி முதலாளியிடம் கேட்டேன். எட்டு வருடமாகக் கேட்காதவள் கேட்டதில் அவருக்கே ஆச்சரியம், மறுநாளே ஆள் வந்தான். அதற்கு ஆன நேரம் பத்து நிமிடம்.

அவள் மீண்டும் பேச ஏழெட்டு மாதம் பிடித்தது. முதலில் பசி வந்தது, பிறகு காது வந்தது. ஒண்ணுக்கு மட்டும் வரவில்லை. மணி பார்த்தே ஓட்டிக்கொண்டிருந்தோம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. கூட்டேரிப்பட்டு தாண்டியிருக்கும். பஸ்ஸில் நல்ல கூட்டம். என் மகள் ஜன்னலோரம், நான் நடுவில், இந்தப் பக்கம் யாரோ ஒரு பாட்டியம்மா. அவள் சீட்டை உதைக்கவில்லை. காதைத் தேய்த்தாள். பிறகு தன் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் இடது தொடைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்தி மூடிக்கொண்டாள். நான் உட்கார்ந்திருந்த பக்கத்துத் தொடை. நான் கிள்ளிய தொடை. நன்றாக மூடியிருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“அம்மா, கீழ இறுக்கமா இருக்கு. ஒண்ணுக்கு வருது.”

நான் எழுந்து நின்றேன். “கண்டக்டரண்ணே, பாப்பாவுக்கு ஒண்ணுக்கு வருது. கொஞ்சம் நிறுத்துங்க” என்றேன். பஸ் முழுவதற்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

கண்டக்டர், “இன்னாம்மா, ஏர்றதுக்கு முன்னாலயே இட்டுனு போவ மாட்டீங்களா, பேஜாரு” என்று சலித்துக்கொண்டே விசில் கொடுத்தார். டிரைவர் ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்தினார். நாங்கள் இறங்கினோம். எங்களுக்குப் பின்னால் அந்தப் பாட்டியம்மா இறங்கினார். “நல்ல வேளை, நீயாச்சும் கேட்டியே” என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பெண்கள் இறங்கினார்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி, கைக்குழந்தையோடு ஒருத்தி, என் வயதில் ஒருத்தி. யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் பங்க் கழிப்பறையில் வரிசையாக நின்றோம். மொத்தம் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். ஆண்கள் பஸ்ஸுக்குள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட எங்களை ஒன்றும் சொல்லவில்லை.

இந்த ஐந்து நிமிடத்தைக் கேட்கக் கூசித்தான் அன்று நான் அதையெல்லாம் செய்தேன்.

பஸ் கிளம்பியது. “நீ சொன்னது கரெக்ட். நல்லா சொன்ன. அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம்” என்று அவளிடம் சொன்னேன். “ஆமா. இப்ப இறுக்கமா இல்ல” என்றாள். அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. என் கைகளை அவள் பார்க்கும்படி முன் சீட்டின் கம்பியில் வைத்துக்கொண்டேன். விழுப்புரம் வருகிறவரை கம்பியை விட்டு எடுக்கவில்லை. அவளும் விழுப்புரம் வருகிறவரை தன் தொடைமேலிருந்து கையை எடுக்கவில்லை.